சோப்பு முகம் முதலானோர் மீதான விசாரணை

புகார் வரவில்லை என்பதுதான் முதல் புகார்.

குடிநீர் வாரியத்தில் மாதம் தவறாமல் ஒரு கூட்டம் நடக்கும். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் திட்டினார்கள் என்று கணக்கெடுத்து, திட்டு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று வண்ண வண்ணக் கோடுகளாகச் சுவரில் காட்டுவார்கள். அந்த மாதம் ஆறாம் பகுதியின் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. குழாய் மாற்றுவதற்காக அங்கே தெருத் தெருவாகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு ஆள்கூடத் திட்டவில்லை.

"மத்த ஏரியாவுல எல்லாம் ஜனங்க ஒழுங்காத் திட்டுறாங்க," என்றார் பொது மேலாளர். "இங்க மட்டும் என்ன வந்துச்சு? யாரோ எதையோ மறைக்கிறாங்க."

மறைத்தவள் என்று பிற்பாடு முடிவானவள், ஆறாம் பகுதிக்கு நோட்டீஸ் அனுப்புகிற எழுத்தர். அலுவலகத்தில் எல்லோரும் அவளை நோட்டீஸ் அக்கா என்பார்கள்; அவளைவிட மூத்தவர்களும் கூச்சப்படாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தெருவைத் தோண்டப் போகிறார்கள் என்றால், 'நாளை காலை முதல் மாலை வரை தண்ணீர் வராது' என்று அந்தத் தெருக்காரர்களுக்கு முந்தின நாளே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவள் வேலை அவ்வளவுதான். கேட்டால் ஊதித் தள்ளிவிடலாம் போல இருக்கும்.

ஆனால் அனுப்புவது யாருக்கு? வாரியத்தில் பொதுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வீட்டுச் சொந்தக்காரர்களின் முகவரிகள் அதில் இருக்கின்றன. அவர்களில் பாதிப் பேர் வேறு ஊர்களில் இருக்கிறார்கள், மீதியில் கொஞ்சம் பேர் இந்த உலகத்திலேயே இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் அதில் ஏறவே முடியாது. முகவரியை மாற்ற ஒரு வழி வைத்திருந்தார்கள்: பழைய முகவரியில் இன்னமும் வசிப்பதற்கான சான்று கொண்டுவந்தால் புதிய முகவரியைப் பதிந்துகொள்வார்கள். இப்படியாக, தண்ணீர் நிற்கப்போகும் செய்தி காலம் காலமாக அந்தத் தண்ணீரைத் தொடாதவர்களுக்கே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

திட்டு மட்டும் நோட்டீஸ் அக்காவுக்கு வந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடங்கும்வரை கேட்பாள். அடங்கியதும், "உங்க மெயில் ஐடி சொல்லுங்க, அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடறேன்" என்பாள். கோபத்தில் இருக்கிறவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். அதனால் தன் கணினியில் வைத்திருந்த சொந்த முகவரிப் புத்தகத்தில் அவளே பெயர் வைத்தாள். முகத்தில் சோப்போடு நின்று கூப்பிட்டவர் சோப்பு முகம். குழாயைத் திறந்துவிட்டு ஓடும் பூனையை வைத்துக்கொண்டு அல்லாடும் பெரியவர் ரெண்டாவது மாடிப் பூனை. வளைவுத் தெருவில் ஒரு மெஷின் தங்கச்சி.

மெஷின் தங்கச்சி மட்டும் விளையாட்டுப் பெயர் இல்லை. அவளுடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் அண்ணனை அதில் மாட்டிவிடுவாள். அது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். பாதியில் குழாய் நின்றால் மெஷின் அலறும், அவசர அவசரமாகக் கழற்ற வேண்டும், அந்த மனிதர் தாங்குவாரா என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒருமுறை அப்படி நடந்தும் இருக்கிறது. அதிலிருந்து வளைவுத் தெரு என்று காகிதத்தில் கண்டாலே அன்று மெஷின் நாளா என்று நோட்டீஸ் அக்கா எண்ணிப் பார்ப்பாள்.

சிக்கல் என்னவென்றால், வாரியத்தின் மெயில் புரோகிராமுக்கு அவளுடைய முகவரிப் புத்தகம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு முகவரியாக இங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டி ஒட்டி அவளுக்கு விரல் தேய்ந்தது. ஒருநாள் புரோகிராமின் அமைப்புகளில் 'முகவரி தேட வெளிக் கட்டளை' என்று ஒரு காலிக் கட்டம் கண்ணில் பட்டது. உதவிப் பக்கத்தில் மாதிரிக்குக் கொடுத்திருந்ததைப் பார்த்து, தட்டுத் தடுமாறி எட்டு வரிக் கட்டளைகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கட்டத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகு, தெருப் பெயரில் மூன்று எழுத்தைத் தட்டினால் போதும். ஸ்கிரிப்ட் ஓடிப்போய் முகவரிப் புத்தகத்தைக் கேட்டு அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து நிறுத்தியது. செய்தி முந்தின நாளே போய்ச் சேர்ந்தது, திட்டுகிற போன் நின்றது. ஐந்தாவது வரி எதற்கு என்று அவளுக்கே தெரியாது. எடுத்தால் ஓடவில்லை, விட்டுவைத்தாள்.

கூட்டம் முடிந்த மறுநாள் தகவல் பாதுகாப்பு அதிகாரி வந்தார். மேசை, அலமாரி, சாப்பாட்டு டப்பா என்று எதற்கும் பூட்டுப் போடுகிறவர்; ஆகவே பூட்டு சார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கணினியைத் தொடாமல் திரையை மட்டும் மோப்பம் பிடித்தார்.

"இது யார்கூடப் பேசுது?"

"அட்ரஸ் புக்கோட சார்."

"யாரோட அட்ரஸ் புக்?"

"என்னோடதுதான்."

"மெயில் புரோகிராம்?"

"அது வாரியத்தோடது சார்."

பூட்டு சார் நிமிர்ந்தார். "அட்ரஸ் புக் உங்களுது, புரோகிராம் எங்களுது. ரெண்டும் யாரைக் கேட்டுக் கல்யாணம் பண்ணிக்கிச்சு?"

"புரோகிராம்லயே அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு சார். காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா குடி வந்துடுவீங்களா?" என்றவர் ஸ்கிரிப்டைத் திறக்கச் சொல்லி வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். "முதல் வரி சரி. ரெண்டாவது சரி. மூணாவது வரி எங்க?"

"அது வெறும் வரி சார். படிக்க வசதியா இருக்கட்டும்னு விட்டேன்."

"வெறுமையாத் தெரியுது," என்றார், தெரியுது என்பதை அழுத்தி. "ஒண்ணுமே இல்லாததுக்கு யாரும் ஒரு வரியை ஒதுக்க மாட்டாங்க. சரி, அஞ்சாவது வரி என்ன பண்ணுது?"

"தெரியலை சார். எடுத்தா ஓட மாட்டேங்குது."

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சாயங்காலத்துக்குள் அவளுடைய கணினியைத் துணிப்பையில் போட்டுக் கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அரக்கு உருக்கியவர் வாசலில் நிற்கிற வாட்ச்மேன் அண்ணன். மெயில் கணக்கை முடக்கினார்கள், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டும், கணினி இல்லாத மேசையில் உட்கார வேண்டும், எதையும் தொடக் கூடாது. நோட்டீஸ் அனுப்பும் பொறுப்பு பக்கத்து மேசையிலிருந்த பில் பிரிவு அண்ணனுக்குப் போனது. அவர் பொதுப் பதிவேட்டைத் திறந்து, செத்தவர்களுக்குச் செவ்வனே அனுப்பத் தொடங்கினார்.

காட்டிக் கொடுத்தது அவர்தானோ என்று அவளுக்கு ஓர் உறுத்தல். மூன்று எழுத்தில் ஒரு தெருவே வந்து நின்றதை ஒருமுறை அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறார். அவரோ அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடத் தன் திரையை இரண்டு கையாலும் மறைத்தார். இத்தனை வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

வீட்டிலும் விஷயம் பரவிவிட்டது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். சாப்பாட்டை முடித்துவிட்டுக் கேட்டார்.

"யார் அந்த ரெண்டாவது மாடிப் பூனை?"

"ஒரு பெரியவர்."

"அவருக்கு என்ன எழுதுவே?"

"நாளைக்குத் தண்ணி வராதுன்னு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன எழுதணுங்கறீங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவள் போன் ஒலித்தால் அவருடைய ஒரு கண் அங்கேதான் இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர்: பொது மேலாளர், பூட்டு சார், சட்ட ஆலோசகர். முகவரிப் புத்தகத்தை அச்செடுத்து எல்லோர் முன்னாலும் வைத்திருந்தார்கள். அவள் முன்னால் மட்டும் இல்லை, ரகசியம் என்பதால். பொது மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்த வாரியத்துக்குன்னு ஒரு மரபு இருக்கும்மா. நாம நோட்டீஸ் அனுப்புறோம்ங்கிறது யாருக்கு அனுப்புறோமோ அவங்களுக்கே தெரியாது. அதுதான் பாதுகாப்பு. எத்தனையோ வருஷமா ஒரு தகவல் வெளிய போனதில்லை. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? சம்பந்தப்பட்டவங்களுக்கே நேரா அனுப்பியிருக்கீங்க."

"சம்பந்தப்பட்டவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னா," என்றார் சட்ட ஆலோசகர், "அது கசிவுதான். சேராத வரைக்கும்தான் அது தகவல்."

"அவங்களுக்குத் தெரியணும்னுதானே சார் நோட்டீஸ்?" என்று கேட்டுவிட்டாள்.

மூவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு பெயர்களுக்கு வந்தார்கள்.

"சோப்பு முகம். யார் இது? எந்தக் கும்பல்?"

"கும்பல் இல்லை சார். குளிச்சுட்டிருக்கப்போ தண்ணி நின்னுடுச்சு, அவ்வளவுதான்."

"ரெண்டாவது மாடிப் பூனை. இவரு சோப்பு முகத்துக்கு மேலயா கீழயா?"

"வேற வேற தெரு சார்."

"தெருவுக்கு ஒரு ஆள் போட்டிருக்காங்க," என்றார் பூட்டு சார், வருத்தத்தோடு.

பொது மேலாளர் அடுத்த வரியை வாசித்தார். "குளியலறைக் கர்ஜனை. இது யாரு..." என்றவர் பக்கத்திலிருந்த மெயில் முகவரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்தது," என்றார்.

"சார், இதை விட்டுட்டீங்களே," என்றார் பூட்டு சார். "இந்த ஆள்தான் தலைவன் மாதிரி இருக்கான். கர்ஜனைங்கிறாங்க."

"அடுத்ததுன்னு சொன்னேன்."

நோட்டீஸ் அக்கா தரையைப் பார்த்தாள். பொது மேலாளர் செருமியபோதே அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாகத்தான் இருந்தது. அன்றைக்குப் போனில் அவர் சொன்ன வார்த்தைகளை அவள் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

சதி முழுதாக வெளிப்படும்வரை அவளைக் கண்காணிப்பது என்று குழு தீர்மானித்தது. அலுவலகம் விட்டதும் வாட்ச்மேன் அண்ணன் அவளுக்குத் தெரியாமல் பின்தொடர வேண்டும், பார்த்ததை எழுதித் தர வேண்டும். முதல் நாளே பேருந்தில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

மறு வாரம் பொறியாளரிடமிருந்து காகிதம் வந்தது. வளைவுத் தெரு; நாளை காலை முதல். பில் பிரிவு அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுப் பொதுப் பதிவேட்டைத் திறந்தார். நோட்டீஸ் அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாளை மெஷின் நாள்.

அந்தப் பெண்ணின் முகவரி ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை. மூன்று எழுத்தைத் தட்டியே பழகிய கை. போன் எண்ணும் வாங்கியதில்லை, கதவு எண்ணும் கேட்டதில்லை. மெயிலுக்குக் கதவு எதற்கு? எழுந்து பூட்டு சாரிடம் ஓடினாள்.

"ஒரே ஒரு முகவரி சார். பார்த்துச் சொன்னாப் போதும். அந்த வீட்டுல ஒரு உயிர் இருக்கு."

"விண்ணப்பம் குடுங்க. அச்செடுத்ததும் முத்திரைக்குள்ளதான் இருக்கு. திறக்க வழி இருக்கு. யாரோட முகவரி வேணுமோ, அவங்க முகவரியை எழுதிக் குடுத்தாப் போதும்."

"அது தெரியாமத்தானே சார் கேக்கறேன்?"

"தெரியாத ஆளுக்கு எதுக்கு நோட்டீஸ்?" என்றார் பூட்டு சார். கேள்வி நியாயமானதுதான் என்பது போல அவரே தலையாட்டிக்கொண்டார்.

பொறியாளரிடம் போனாள்; தோண்டும் வண்டி தெருமுனைக்குப் போய் நின்றாயிற்று என்றார். சட்ட ஆலோசகர் மட்டும் அவளை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். "இதப் பாரும்மா. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சொன்னா அது சலுகை. எல்லா வீட்டுக்கும் சொன்னா அது கசிவு. யாருக்குமே சொல்லாம இருந்தா அதுதான் நடைமுறை. அந்தப் பேஷண்ட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா வாரியத்து மேல வழக்குப் போடச் சொல்லுங்க. நல்லா நடத்துவோம்."

அவள் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வளைவுத் தெருவில் மாலை வெயில் இருந்தது. முதல் கதவைத் தட்டினாள். ஒரு அம்மா சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுல மெஷின் இருக்குங்களா?"

"என்ன மெஷின்? விக்க வந்திருக்கியா?"

"இல்லைங்க, அண்ணனுக்குப் போடுற மெஷின்."

"எங்க அண்ணனைப் பத்தி உனக்கு யார் சொன்னது?" கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் இரண்டு விழுந்தது.

அடுத்த வீட்டில் அடையாள அட்டை கேட்டார்கள். அது குழுவிடம் இருந்தது. அதற்கடுத்த வீட்டில் சன்னல் வழியாக அவளைப் போட்டோ பிடித்தார்கள். ஒருவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து, குடிநீர் வாரியத்திலிருந்து யாரும் இதுவரை நேரில் வந்ததே இல்லை, ஆகவே அவள் குடிநீர் வாரியம் இல்லை என்று நிரூபித்துவிட்டு உள்ளே போனார். தெரு நெடுக அடுக்கு அடுக்காக வீடுகள். இந்த ஜனங்களுக்காகவா விரல் தேய்ந்தோம் என்று ஆத்திரமாகக்கூட வந்தது.

நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து வாட்ச்மேன் அண்ணன் வெளிப்பட்டார். மறைவாக இருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"யாரைத்தான்க்கா தேடறீங்க?"

சொன்னாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீங்க இந்தப் பக்கம் பாருங்க. நான் அந்தப் பக்கம் பாக்கறேன். யூனிஃபார்மைப் பார்த்தா பயந்துக்கிட்டாவது தொறப்பாங்க."

கண்டுபிடித்தது அவர்தான். கடைசிக்கு முந்தின கட்டடம், தரைத்தளம். கதவு ஒரு கை அகலம்தான் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்; பின்னால் கட்டிலும், அதற்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய மெஷினும் தெரிந்தன.

"நாளைக்குக் காலையிலருந்து தண்ணி வராதும்மா," என்றாள் நோட்டீஸ் அக்கா. மூச்சு வாங்கியது. "இன்னைக்கே அண்ணனுக்கு மெஷின் போட்டுடு."

"நீங்க யாரு?"

"நோட்டீஸ் அனுப்பறது நான்தான்."

அந்தப் பெண் போனைத் திருப்பிக் காட்டினாள். "வாரியத்துலருந்தே மெயில் வந்திருக்கு. படிங்க."

வாரியத்தின் மெயில்தான். 'தங்கள் முகவரி அனுமதியின்றி ஒரு நிரலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இனி தண்ணீர் நிறுத்தம் குறித்து எவர் எந்த வகையில் தெரிவித்தாலும் நம்ப வேண்டாம். தங்கள் பாதுகாப்பே எங்கள் கடமை.' கீழே பூட்டு சாரின் பெயர். நோட்டீஸ் அக்கா இரண்டு முறை படித்தாள். முகவரிகள் முத்திரைக்குள் இருக்க, எப்படி அனுப்பினார்கள்?

"உங்க ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுனாங்க," என்றார் வாட்ச்மேன் அண்ணன் மெதுவாக. "வேற வழி தெரியலையாம். சீலை ஒடைச்சு, அனுப்பிட்டு, மறுபடி வெச்சாங்க. ரெண்டாவது தடவையும் அரக்கு நான்தான் உருக்கினேன். வேலை முடிஞ்சதும், சூப்பரா ஓடுதுய்யான்னு பூட்டு சார் சொன்னாரு."

தன் எட்டு வரியே ஓடி வந்து தன்னை நம்பாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனாள்.

"இரும்மா." கட்டிலிலிருந்து ஒரு குரல். களைத்த குரல், ஆனால் தெளிவாக இருந்தது. "அவங்க நம்மகிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லைண்ணா."

"உள்ள வரணும்னாங்களா?"

"இல்லை."

"ஏமாத்த வர்றவங்க எதையாவது எடுத்துட்டுப் போகத்தான் வருவாங்க. இவங்க ஒண்ணும் கேக்கலை, ஒரு நாள் முன்னாடி மெஷின் போடச் சொல்றாங்க. பொய்யாவே இருந்தாலும் எனக்கு ரத்தம் சுத்தம்தானே ஆகப் போகுது? எடு."

தங்கச்சி மெஷின்மேல் இருந்த துணியை எடுத்தாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் நோட்டீஸ் அக்கா படியில் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை தெருவில் தண்ணீர் நின்றபோது அந்த அண்ணன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்ததை எழுதணுமேக்கா," என்றார் வாட்ச்மேன் அண்ணன், திரும்பி வரும் பேருந்தில். "எழுதினா உங்க வேலை போயிடும்."

"எழுதாட்டி உங்க வேலை போயிடும். பார்த்ததையே எழுதுங்க."

அவர் எழுதினார். சம்பந்தப்பட்ட ஒருவருக்குத் தகவல் சென்று சேர்ந்துவிட்டது என்பதற்கு நேரில் கண்ட சாட்சி கிடைத்துவிட்டதால் குழுவின் வேலை சுலபமாயிற்று. வேலைநீக்க உத்தரவு அடுத்த வாரமே தயாராகி, விதிப்படி பொதுப் பதிவேட்டிலுள்ள முகவரிக்கு அனுப்பப்பட்டது. ஊழியர்களும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் குடியிருந்த வீடு அது. இப்போது அந்த இடத்தில் சாலை போகிறது. உத்தரவு கைக்குக் கிடைத்ததாக ஒப்புதல் வரும்வரை அது செல்லாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவளிடம் கையில் கொடுத்துவிடலாமே என்று பில் பிரிவு அண்ணன் கேட்டதற்கு, சம்பந்தப்பட்டவரிடமே நேராகக் கொடுப்பது கசிவாகும் என்று சட்ட ஆலோசகர் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டார்.

ஆகவே நோட்டீஸ் அக்கா தினமும் வந்து கணினி இல்லாத மேசையில் உட்கார்கிறாள், சம்பளம் வாங்குகிறாள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கப் போகிறதோ, முந்தின மாலை அங்கே போய்க் கதவு கதவாகத் தட்டுகிறாள். வாட்ச்மேன் அண்ணனும் கூடவே போகிறார். அவளைப் பின்தொடரச் சொன்ன உத்தரவை இன்னும் யாரும் ரத்து செய்யவில்லை.